முதன்முறை தாஜ்மஹால் போகிறவர்களுக்கு: மும்தாஜையும் பார்த்துவிட்டு வர ஒரு வழிகாட்டி

தாஜ்மஹாலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வாசலில் ஒரு படம், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, உள்ளே வரிசையில் ஒரு சுற்றுச் சுற்றி ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அங்கே புதைக்கப்பட்டிருக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டால் பெயரைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாது. எனக்கு இது பெரிய குறையாகத் தோன்றும். தாஜ்மஹால் ஒரு கல்லறை. யாருடைய கல்லறை என்று தெரிந்துகொண்டு போனால், அதே கட்டடத்தில் வேறு விஷயங்கள் கண்ணில் படும். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் படி டிக்கெட் இல்லை, கதைதான்.

முதல் படி: கிளம்பும் முன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மும்தாஜ் மஹால் என்பது பட்டப்பெயர். அவருடைய இயற்பெயர் அர்ஜுமந்த் பானு பேகம். பிறந்தது 1593. தந்தை ஆசப் கான். பேரரசர் ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் அவருக்கு அத்தை. பாரசீகத்திலிருந்து வந்து மொகலாய அரசவையில் உச்சிக்குப் போன குடும்பம் அது. இளவரசர் குர்ரமுக்கும் அவருக்கும் 1607இல் நிச்சயம் ஆனது. குர்ரம்தான் பிற்பாடு ஷாஜகான் ஆனவர். அப்போது இருவருமே பதின்ம வயதுப் பிள்ளைகள். திருமணம் நடந்தது 1612இல். நடுவில் 1610இல் குர்ரமுக்கு வேறொரு பாரசீக இளவரசியுடன் அரசியல் திருமணம் நடந்தது. 1617இல் இன்னொன்று. இதைச் சொல்லாமல் காதல் கதையை மட்டும் சொல்வது சரியல்ல. ஆனால் மற்ற மனைவியருக்கு மனைவி என்ற பெயர்தான் இருந்தது, அரசரின் அன்பு முழுவதும் மும்தாஜிடமே இருந்தது என்று அரசவை வரலாற்றாசிரியர் கஸ்வீனி எழுதிவைத்திருக்கிறார்.

அந்த அன்பு அரண்மனைச் சுகத்துக்குள் மட்டும் வளர்ந்ததல்ல. 1622க்குப் பிறகு குர்ரம் தன் தந்தை ஜஹாங்கீரை எதிர்த்துக் கிளம்பியபோது, தக்காணம், வங்காளம் என்று ஓடித் திரிந்த வருடங்கள் முழுக்க மும்தாஜ் கூடவே போனார். சமாதானத்துக்கு விலையாக, பிள்ளைகள் தாராவையும் ஔரங்கசீப்பையும் தாத்தா ஜஹாங்கீரிடம் பிணையாக அனுப்ப வேண்டிவந்தது. 1628இல் ஷாஜகான் அரியணை ஏறினார். அரச முத்திரையையே மும்தாஜிடம் ஒப்படைத்தார். அவர் பேரரசியாக வாழ்ந்ததோ மூன்றரை ஆண்டுக்கும் குறைவு.

கான் ஜஹான் லோடியின் கலகத்தை அடக்கத் தக்காணம் கிளம்பிய ஷாஜகானோடு, கர்ப்பிணியாக இருந்த மும்தாஜும் போனார். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் தபதி ஆற்றங்கரையில் இருக்கும் புர்ஹான்பூரில், 1631 ஜூன் 17 அன்று பதினான்காவது பிரசவத்தில் இறந்தார். வயது 38. பத்தொன்பது வருடத் திருமண வாழ்வில் பதினான்கு பிள்ளைகள், அவர்களில் ஏழு பேர்தான் பிழைத்தார்கள். தாயின் உயிரைக் குடித்த அந்தப் பிரசவத்தில் பிறந்த கௌஹர் ஆரா பிழைத்துக்கொண்டாள். மனைவியை இழந்த துக்கத்தில் அரசரின் தாடி சீக்கிரமே நரைத்துப்போனது என்று அரசவைக் குறிப்புகள் சொல்கின்றன. அதே காலத்தில் தக்காணத்திலும் குஜராத்திலும் கடும் பஞ்சம், ஏராளமான மக்கள் செத்துப்போனார்கள். இந்த வெள்ளைப் பளிங்கைப் பார்க்கும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

மும்தாஜை முதலில் புர்ஹான்பூரில் ஒரு தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, 1631 டிசம்பரில், மகன் ஷா ஷுஜா கூட வர உடல் ஆக்ராவுக்குக் கிளம்பியது. யமுனைக் கரையில் ஆம்பேர் ராஜா ஜெய்சிங்குக்குச் சொந்தமான இடம் கல்லறைக்குத் தேர்வானது. ஈடாக அவருக்கு நான்கு மாளிகைகள் தரப்பட்டன. 1632இல் வேலை தொடங்கியது. நடுக் கல்லறை 1643 வாக்கில் முடிந்தது. சுற்றியுள்ள கட்டடங்கள் முடிய மேலும் சுமார் பத்தாண்டு ஆனது.

இரண்டாம் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் கிடையாது. வளாகத்துக்குள் இருக்கும் மசூதியில் தொழுகை நடப்பதால் பார்வையாளர்களுக்கு விடுமுறை. இது தெரியாமல் ரயில் டிக்கெட் போட்டுவிட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அக்டோபர், நவம்பர், அப்புறம் பிப்ரவரி, மார்ச். இந்த நான்கு மாதங்கள்தான் நல்லவை. டிசம்பர், ஜனவரி குளிர் நம் ஊர்க்காரர்களுக்குப் புதுமையாக இருக்கலாம். ஆனால் காலை மூடுபனியில் எதிரே தாஜ் இருப்பதே தெரியாமல் போகும், ரயில்களும் பல மணி நேரம் தாமதமாகும். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். காலடியில் பளிங்கு, தலைக்கு மேல் நிழல் இல்லை. குழந்தைகள், வயதானவர்களுடன் அப்போது போகாதீர்கள்.

நேரம் என்று கேட்டால், விடிகாலைதான். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பே திறந்துவிடுவார்கள். கூட்டம் குறைவு, பளிங்கின் நிறம் மெல்ல மாறுவதையும் பார்க்கலாம். முதல் வெளிச்சத்தில் லேசான இளஞ்சிவப்பு ஓடும், வெயில் ஏற ஏறக் கண் கூசும் வெள்ளையாகிவிடும்.

பௌர்ணமியன்றும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாளும் இரவில் பார்க்க அனுமதி உண்டு. வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் மட்டும் கிடையாது. சிறு சிறு குழுவாக அரை மணி நேரம்தான் விடுவார்கள். பெருவாயில் பக்கத்து மேடையிலிருந்து தூரமாகத்தான் பார்க்க முடியும், கிட்டே போக முடியாது. முதன்முறை போகிறவர்களுக்குப் பகல்தான் என் சிபாரிசு. இரவுப் பார்வையைப் பகலில் பார்த்ததற்கு மேல் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், பதிலாக அல்ல.

மூன்றாம் படி: போய்ச் சேருவது

சென்னையிலிருந்து டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் ஆக்ரா கண்டோன்மென்ட்டில் நிற்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதிகாலை இருட்டில் இறக்கிவிடும். ஸ்டேஷனிலேயே முகம் கழுவி டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தால் வாசல் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். டெல்லியில் தங்கியிருப்பவர்களுக்கு ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஆக்ரா. அதுவும் வெள்ளிக்கிழமை ஓடாது. சாலை வழியாக வந்தால் யமுனா எக்ஸ்பிரஸ்வே. ஊருக்குள் 2024 முதல் மெட்ரோவும் ஓடுகிறது. தாஜ் கிழக்கு வாசல், தாஜ்மஹால், ஆக்ரா கோட்டை எல்லாம் ஒரே வழித்தடத்தில் வருகின்றன.

புகையால் பளிங்கு கெடாமலிருக்க, தாஜுக்கு அருகில் பெட்ரோல், டீசல் வண்டிகளை விடுவதில்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பேட்டரி வண்டியில் போகலாம், நடந்தும் போகலாம். ஆட்டோக்காரர் “இதுதான் வாசல்” என்று ஏதாவது கடை முன்னால் நிறுத்தினால் இறங்காதீர்கள், கிழக்கு வாசலா மேற்கு வாசலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: டிக்கெட், பை, சோதனை

இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய். கல்லறைக்குள் போக வேண்டுமானால் மேலும் 200 ரூபாய். அந்த 200ஐ மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பளிங்கு மேடை ஏற முடியாது, நீங்கள் பார்க்க வந்ததே அங்கேதான் இருக்கிறது. இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு சார்க் நாட்டுச் சலுகை உண்டு, நுழைவு 540 ரூபாய். அதற்குப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பாவிலிருந்து வரும் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு 1,100. இவர்களுக்கும் கல்லறைக்கு 200 தனி. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். கட்டணம் மாறக்கூடியது என்பதால் கிளம்பும் முன் தொல்லியல் துறை இணையதளத்தில் பார்த்து, அங்கேயே முன்பதிவும் செய்துவிடுங்கள். டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

கைப்பை சிறிதாக இருக்கட்டும். மொபைல், கேமரா, தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம். தின்பண்டம், பீடி சிகரெட், லைட்டர், கத்தி, ட்ரைபாட், ட்ரோன் எதுவும் உள்ளே விடமாட்டார்கள். ரயிலுக்குக் கட்டிவந்த இட்லிப் பொட்டலம் பையின் அடியில் இருந்தால் அதையும் எடுத்து வைக்கச் சொல்வார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சோதனை வரிசை. குடும்பமாகப் போனால் உள்ளே எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி வேண்டுமென்றால் அரசு அடையாள அட்டை உள்ளவரைப் பேசி, தொகையை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உள்ளே எந்த வரிசையில் பார்ப்பது

வாசலைத் தாண்டியதும் செம்மணற்கல்லால் ஆன ஒரு பெரிய முன்முற்றம். எல்லோரும் இதை ஓடிக் கடப்பார்கள். நீங்கள் சற்று நில்லுங்கள். இந்தப் பக்கத்தின் ஓரங்களில் ஷாஜகானின் மற்ற மனைவியருக்கும் கல்லறைகள் உண்டு. அவை சிறியவை, நடு அச்சிலிருந்து விலகி நிற்பவை. மும்தாஜுக்குத் தந்த இடம் எப்படிப்பட்டது என்பது இந்த ஒதுங்கல்களைப் பார்த்தால்தான் புரியும்.

அடுத்து பெருவாயில். வளைவைச் சுற்றி ஓடும் கறுப்பு எழுத்துகள் குரானின் ‘அல் ஃபஜ்ர்’ அத்தியாயம். அமைதியடைந்த ஆன்மாவை, என் சொர்க்கத்துக்குள் நுழை என்று இறைவன் அழைப்பதோடு முடியும் பகுதி அது. அந்த வரிகளுக்குக் கீழேதான் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்கிறோம். கட்டியவர்கள் எண்ணியே செய்த ஏற்பாடு. எழுத்துகளைக் கீழிருந்து மேல்வரை பாருங்கள், எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் மேலே போகப் போகப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள், தரையிலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. எழுதியவர் ஷீராஸிலிருந்து வந்த அமானத் கான். தாஜில் தன் பெயரைப் பொறித்துக்கொண்ட ஒரே கலைஞர் அவர். தலைமைக் கட்டடக் கலைஞராகக் கருதப்படும் உஸ்தாத் அகமது லாஹோரியின் பெயர்கூட அங்கே இல்லை.

பெருவாயிலின் உள்வளைவில் நின்றபடி மெதுவாக முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். முன்னே போகப் போக தாஜ் சிறுத்து விலகுவதுபோலவும், பின்னே வர வர நெருங்கிப் பெருப்பதுபோலவும் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் இடிப்பார்கள், ஓரமாக நின்று செய்யுங்கள்.

தோட்டம் நான்காகப் பிரிக்கப்பட்டது, இந்த அமைப்புக்கு ‘சார்பாக்’ என்று பெயர். மற்ற மொகலாயக் கல்லறைகளில் தோட்டத்தின் நடுவில் கல்லறை இருக்கும். இங்கே தோட்டத்தின் கடைசியில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேதாப் பாக் என்ற தோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு வரைபடம் தெரியும். இப்போதைய திறந்த புல்வெளி ஆங்கிலேயர் காலத்து மாற்றம். ஷாஜகான் காலத்தில் இங்கே பழமரங்களும் பூச்செடிகளும் அடர்ந்திருந்தன. நடுவில் உள்ள பளிங்குத் தொட்டி மேடையில், 1992இல் இளவரசி டயானா தனியாக அமர்ந்து படம் எடுத்துக்கொண்ட இருக்கைக்கு எப்போதும் வரிசை நிற்கும். காத்திருக்கும் நேரத்தைக் கல்லறைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மேடை ஏறும் முன் காலணிக்கு உறை போட வேண்டும். நான்கு மினார்களையும் கவனியுங்கள், லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். என்றாவது விழுந்தாலும் கல்லறை மேல் விழாதிருக்க அப்படிக் கட்டியதாகச் சொல்வார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் பளிங்கிலேயே புடைப்பாகச் செதுக்கிய பூச்செடிகள் உண்டு. நிறமே இல்லாமல் வெறும் நிழலிலேயே தெரிபவை. காலைச் சாய்வு வெளிச்சத்தில் இலையின் மடிப்பு, நரம்பு எல்லாம் எழும்பி நிற்கும். தொடாதீர்கள், கை வியர்வையில் பளிங்கு பழுப்பேறுகிறது. அந்தப் பழுப்பை எடுக்க முல்தானி மட்டியைக் குழைத்துச் சுவரில் அப்பி, காய்ந்தபின் கழுவி எடுக்கிறார்கள்.

உள்ளறைக்குள் போனதும் கண் இருட்டுக்குப் பழகட்டும். படம் எடுக்கக் கூடாது. நடுவில் எண்கோணப் பளிங்குச் சல்லடைத் தட்டி. அதன் சட்டத்தில் பதித்த பூக்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து உற்றுப் பாருங்கள். ஒரு சிவப்பு இதழின் விளிம்பு கருத்தும் நடுப்பகுதி வெளிறியும் இருக்கும். அது சாயம் இல்லை. கார்னீலியன் கல்லில் இயற்கையாகவே அப்படி நிறம் ஓடும் துண்டைத் தேடிப்பிடித்து, இதழ் வடிவில் அறுத்து, பளிங்கில் அதே வடிவில் குழி தோண்டி, மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருத்தியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் பர்ச்சின்காரி. பளிங்கு ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்தும், லாபிஸ் லாசுலி என்ற நீலநிறக் கல் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவை.

தட்டிக்குள் இரண்டு நினைவுக் கல்லறைகள் இருக்கும். சரி நடுவில் இருப்பது மும்தாஜுடையது, சிறியது. மேற்குப் பக்கம் உயரமாக இருப்பது ஷாஜகானுடையது. வளாகம் முழுவதும் இடமும் வலமும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக, அவருடைய கல்லறை மட்டும் அந்தச் சமநிலையைக் கலைக்கிறது. 1666இல் அவர் இறந்தபோது மனைவியின் பக்கத்தில் வைத்தார்கள். நடு இடம் மும்தாஜுக்கே இருந்துவிட்டது. மும்தாஜின் கல்லறை மேல் எழுதுபலகை வடிவமும், ஷாஜகானுடையதன் மேல் பேனாப்பெட்டி வடிவமும் இருக்கும், பெண்ணுக்குப் பலகை, ஆணுக்குப் பேனா என்பது மொகலாயக் கல்லறை மரபு. மேலே தொங்கும் விளக்கு, ஆங்கிலேய வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு கெய்ரோவில் செய்யச் சொல்லித் தந்தது. பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், குவிமாடத்துக்குள் சின்னச் சத்தமும் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

உண்மையான உடல்கள் இருப்பது இதற்கு நேர்கீழே உள்ள நிலவறையில். ஷாஜகானின் நினைவாக நடக்கும் உருஸ் நாட்களில் மட்டும், இஸ்லாமிய நாட்காட்டியின் ரஜப் மாதக் கடைசியில் மூன்று நாள், அதைத் திறப்பார்கள். அப்போது நுழைவுக் கட்டணமும் கிடையாது. கூட்டத்துக்கு அஞ்சாதவர்கள் அந்த நாட்களைப் பார்த்துப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும் பின்பக்கம், ஆற்றை நோக்கிய மேடைக்குப் போங்கள். ஆற்றோரம் இவ்வளவு எடையைத் தாங்க, கிணறுகள் தோண்டி அவற்றில் கல்லும் சாந்தும் நிரப்பி அடித்தளம் போட்டிருக்கிறார்கள். வருடத்தில் பெரும்பகுதி யமுனை ஒதுங்கித்தான் ஓடும். 2023 ஜூலை வெள்ளத்தில் தாஜின் மதில்வரை தண்ணீர் வந்தது. மேற்கே மசூதி, கிழக்கே அதே வடிவத்தில் எதிர்க்கட்டடம். எதிர்க்கட்டடத்தின் வளைவுக்குள் நின்று பார்த்தால் தாஜ் ஒரு சட்டத்துக்குள் அடங்கித் தெரியும். கூட்டமில்லாத படம் வேண்டுமா, இங்கே எடுங்கள்.

ஆறாம் படி: காதில் விழும் கதைகளை அப்படியே நம்பாதீர்கள்

வேலை முடிந்ததும் தொழிலாளர்களின் கையை ஷாஜகான் வெட்டினார் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. 1639இல் டெல்லியில் செங்கோட்டை வேலை தொடங்கியபோது அதே ஷாஜகானுக்குக் கைதேர்ந்த கொத்தர்களும் சிற்பிகளும் தேவைப்பட்டார்கள். அந்தக் கோட்டைக்கும் தலைமைக் கலைஞர்களில் ஒருவர் உஸ்தாத் அகமதுதான். எதிர்க்கரையில் தனக்காகக் கறுப்புத் தாஜ் கட்ட நினைத்தார் என்பது இன்னொரு கதை. மேதாப் பாகில் அகழாய்ந்தபோது தாஜின் பிம்பம் விழும்படி அமைத்த எண்கோணக் குளமும் தோட்டமும்தான் கிடைத்தன, கறுப்புக் கல்லறைக்கான அடித்தளம் எதுவும் இல்லை. உண்மையே போதுமான அளவு உருக்கமாக இருக்கிறது. 1652இல் இளவரசர் ஔரங்கசீப் தாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு, மழையில் குவிமாடம் ஒழுகுகிறது என்று தந்தைக்குக் கடிதம் எழுதினார். ஆறு வருடம் கழித்து அதே மகன்தான் அந்தத் தந்தையைச் சிறைவைத்தார்.

ஏழாம் படி: அன்றைய மீதிப் பொழுது

தாஜிலிருந்து நேராக ஆக்ரா கோட்டைக்குப் போங்கள். 1658 முதல் இறக்கும்வரை ஷாஜகான் அடைபட்டிருந்தது இங்கேதான். மூத்த மகள் ஜஹானாரா கூட இருந்து பார்த்துக்கொண்டார். முசம்மன் புர்ஜ் என்ற எண்கோண மாடத்துப் பக்கம் நின்றால் ஆற்று வளைவுக்கு அப்பால் தாஜ் தெரியும். அவர் உடலைப் படகில் அங்கே கொண்டுபோனார்கள்.

மதியத்துக்கு மேல் யமுனையின் மறுகரை. முதலில் இத்மாத் உத் தௌலா கல்லறை. நூர்ஜஹான் தன் தந்தைக்குக் கட்டியது. மும்தாஜுக்கு அவர் தாத்தா. 1628லேயே முடிந்த இந்தச் சிறிய கட்டடத்தில் வெள்ளைப் பளிங்கும் நிறக்கல் பதிப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. தாஜுக்கு முன்னோடி என்று சொல்லத் தகுந்த கட்டடம் இது. கூட்டமும் குறைவு, பதிப்பு வேலையை நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் ஆக்ராவில் இல்லை. அங்கிருந்து மேதாப் பாக். சாயங்காலம் அங்கே தோட்டத்துப் பக்கமிருந்து ஆற்றுக்கு மேலாகத் தாஜைப் பார்க்கலாம். இருட்டுமுன் மூடிவிடுவார்கள்.

ஊருக்குத் திரும்பும்முன் வாங்குவதற்கு இரண்டு பொருட்கள். ஒன்று பேடா இல்லை, ‘பேத்தா’. வெண்பூசணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரைப் பாகில் வேகவைத்தது. ஈரமில்லாத உலர்ந்த வகை ரயில் பயணத்துக்குத் தாங்கும், குங்குமப்பூப் போட்ட ஈர வகையை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். இன்னொன்று பளிங்குப் பதிப்பு வேலை. தாஜ் கஞ்ச் பக்கத்துப் பட்டறைகளில் சாணைச் சக்கரத்தில் இதழ் இதழாகக் கல் தேய்ப்பதை இன்றும் பார்க்கலாம். மாவுக்கல்லைப் பளிங்கு என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கோடு விழுந்தால் அது பளிங்கு இல்லை. மொபைல் டார்ச்சை அடியில் பிடித்தால் நல்ல பளிங்கில் வெளிச்சம் ஊடுருவும், கார்னீலியன் இதழ் தணல்போலச் சிவக்கும். பெரிய மேஜைப் பலகைக்கு ஆசைப்பட்டு, பார்சலில் அனுப்புகிறோம் என்ற வாக்குறுதியை நம்பி முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். கையில் எடுத்துவரக்கூடிய சின்னத் தட்டோ டப்பாவோ போதும். துணியில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.